கோல்ஃப் மைதானத்துல மழைத்தண்ணி தேங்குதா? பைப் வாங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதும், அப்புறம் செய்ய வேண்டியதும்

அக்டோபர் பாதி தாண்டினாலே எனக்கு வானத்தைப் பாக்குற பழக்கம் வந்துடும். சென்னைக்கு வெளியில ஒரு 18 ஹோல் கோல்ஃப் மைதானத்துல பராமரிப்பு வேலை பாக்குறேன், 14 வருஷம் ஆச்சு, இந்த 14 வடகிழக்குப் பருவமழையிலயும் நான் கத்துக்கிட்டது முழுக்க தண்ணியைப் பத்திதான். புல்லைப் பத்தி சொல்லித்தர நிறைய பேர் இருக்காங்க, மழைத்தண்ணியை எப்படி வெளியேத்துறதுன்னு நம்ம ஊர் மண்ணுக்கும் நம்ம ஊர் மழைக்கும் ஏத்த மாதிரி யாரும் சொல்றதில்ல. பைப் போட்டும் நம்ம களிமண்ல தண்ணி வடியாம போனதை நான் கண்ணால பாத்தேன், அதையும் கீழே சொல்றேன். கிளப் கமிட்டியில இருக்கவங்க, மைதான வேலை பாக்குறவங்க, பெரிய புல்வெளி இருக்குற காலேஜ் ஆட்கள் எல்லாருக்கும் இது உதவும்.

முதல்ல ஒரு கணக்கு. 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெஞ்சா அது 1 லிட்டர் தண்ணி. ஒரு ஏக்கர்னா சுமார் 4,047 சதுர மீட்டர். அப்போ 50 மில்லிமீட்டர் மழை, அதாவது நம்ம ஊர்ல ஐப்பசியில ஒரே ராத்திரியில சாதாரணமா கொட்டுற மழை, ஒரு ஏக்கர்ல 2 லட்சம் லிட்டர் தண்ணியை இறக்கும். 12,000 லிட்டர் தண்ணி லாரி 17 வண்டி வரிசையா வந்து ஒரே ஏக்கர்ல திறந்துவிட்ட மாதிரி. இப்போ பைப் பக்கம் வாங்க, 4 இன்ச் பைப்பை 100 அடிக்கு 1 அடி வாட்டத்துல போட்டா, முழுசா நிறைஞ்சு ஓடினாலும் ஒரு செகண்டுக்கு 4, 5 லிட்டர்தான் கொண்டுபோகும். ஒரு மணி நேரத்துல 30 மில்லிமீட்டர் பெய்யுற மழை ஒரு ஏக்கர்ல செகண்டுக்கு 33 லிட்டருக்கு மேல கொட்டுது. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே விஷயம் புரிஞ்சிடும், கொட்டுற மழையைப் பூமிக்குள்ள இழுத்து பைப் வழியா அனுப்பிடலாம்ங்கிறது நடக்காத காரியம். பெரும்பங்கு தண்ணி புல் மேலேயே ஓடி வெளிய போகணும். அதுக்கு வழி போட்டுக் குடுத்த பிறகு மிச்சம் நிக்குற தண்ணிக்குத்தான் பைப். இந்த வரிசையை மாத்திச் செஞ்சவங்க எல்லாரும் ரெண்டு தடவை செலவு பண்ணியிருக்காங்க, எங்க கிளப்பும் சேத்துதான்.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? மழையில நடக்குறதுதான் ஆரம்பம். வெயில் காலத்துல சர்வே எடுத்து மேப் போட்டு வச்சிருப்பாங்க, அதுவும் வேணும்தான், ஆனா மழை பெய்யும்போது ரெயின்கோட் போட்டுக்கிட்டு இறங்கி நடந்தாத்தான் தண்ணி எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியும். எங்க மைதானத்துல வயசான ஒரு தோட்டக்காரர் இருந்தார், பக்கத்து ஊர்க்காரர், நான் சேர்ந்த முதல் வருஷம் 6-வது ஹோல் ஃபேர்வேல, அதாவது பந்தை அடிச்சுக்கிட்டுப் போற நீளமான புல்வெளியில, தேங்குற தண்ணியைக் காட்டி இங்க ஒரு தொட்டி கட்டலாமான்னு அவர்கிட்ட கேட்டேன். "தம்பி, தண்ணி நிக்குற இடத்தைப் பாக்காதீங்க, அது நடந்து வந்த வழியைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு என்னைக் கூட்டிக்கிட்டு மேல நடந்தார். 200 அடி மேல, கார்ட் போற பாதையோட ஓரத்துல சிமெண்ட் கட்டை ஒரு இடத்துல உடைஞ்சிருந்துச்சு, பாதை முழுக்க ஓடி வந்த தண்ணி அந்த ஓட்டை வழியா ஃபேர்வேக்குள்ள இறங்கிக்கிட்டு இருந்துச்சு. கட்டையைச் சரி பண்ணி தண்ணியை பாதையோட கடைசி வரைக்கும் ஓடவிட்டு வாய்க்கால்ல சேத்தோம், அந்த இடத்துல அதுக்கப்புறம் தொட்டியும் தேவைப்படல பைப்பும் தேவைப்படல.

அதனால மழை பெய்யும்போது ஒரு தடவை, விட்டு அரை மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, மறுநாள் காலையில ஒரு தடவைன்னு மூணு தடவை நடங்க. கையில சின்னச் சின்னக் கொடி வச்சுக்கோங்க, தண்ணி நிக்குற விளிம்பெல்லாம் கொடி நடுங்க, போன்ல போட்டோ எடுங்க, போட்டோல முதல் அடி அடிக்கிற டீ மேடையோ மரமோ ஏதாவது ஒரு அடையாளம் தெரியுற மாதிரி எடுங்க, இல்லன்னா ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கும்போது எந்த ஹோல்னே தெரியாது. மறுநாள் காலையில தண்ணி கண்ணுக்குத் தெரியாத இடத்துலயும் நின்னு பாருங்க, ஷூவைச் சுத்தி தண்ணி வந்தா அந்த மண்ணு இன்னும் நிறைஞ்சுதான் இருக்கு. மைதானத்துல தற்காலிகமா தேங்குற தண்ணியை முன்னாடி கோல்ஃப் ரூல்ஸ்ல கேஷுவல் வாட்டர்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 2019 ரூல்ஸ்ல இருந்து டெம்பரரி வாட்டர்னு சொல்றாங்க, அதுலயும் சாதாரணமா நிக்கும்போது தண்ணி கண்ணுக்குத் தெரியணும், காலை அழுத்தி வரவைக்கக் கூடாதுன்னு இருக்கு. ஆடுறவங்களுக்கு அது போதும், நம்ம வேலைக்கு காலை அழுத்தியே பாக்கணும்.

இப்படிப் பாத்தா தேங்குற இடம் எல்லாம் மூணு வகைக்குள்ள வந்துடும். வெளியில இருந்து ஓடி வந்து சேருற தண்ணி ஒண்ணு. அங்கேயே பெஞ்சு, மண்ணு குடிக்காததால நிக்குற தண்ணி ஒண்ணு. கீழ இருந்து மேல வர்ற தண்ணி, அதாவது நிலத்தடி நீர் ஏறுறது, இல்ல வெளியேறுற வாய் அடைபட்டு எதுத்து வர்றது, அது மூணாவது. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. முதல் வகைக்குப் போய் இரண்டாவது வகை வைத்தியம் பண்ணினா காசுதான் போகும்.

மண்ணு குடிக்குதா இல்லையான்னு கண்டுபிடிக்க லேப் எல்லாம் அப்புறம், முதல்ல கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். ஒரு அடி அகலம் ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்க, தண்ணி ஊத்தி முழுசா வடியவிடுங்க, மறுபடி நிரப்பி ஒரு குச்சியில கோடு போட்டு ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. மணல் கலந்த இடத்துல சீக்கிரமே காலியாயிடும், களிமண்ல காலையில ஊத்தினது சாயந்திரமும் அப்படியே இருக்கும். குழியோட பக்கச் சுவரையும் நல்லா பாருங்க, இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. எங்க மைதானத்துல பாதி இடம் ஒரு காலத்துல ஏரிப் பாசனத்துல நெல்லு போட்ட நஞ்சை. தலைமுறை தலைமுறையா சேறடிச்சு உழுதா ஏர் போற ஆழத்துக்குக் கீழ ஒரு இறுகின அடுக்கு உருவாயிடும், வயல்ல தண்ணி நிக்கணும்னு விவசாயிங்க வேணும்னே அப்படி வச்சிருந்தாங்க. அதே நிலத்து மேல புல்லு போட்டுட்டு தண்ணி ஏன் இறங்கலன்னு கேட்டா எப்படி? குழி வெட்டினப்போ முக்கால் அடிக்குக் கீழ மண்வெட்டி டங்குன்னு சத்தம் போட்டுச்சு. அந்த அடுக்கைத் தாண்டாம எந்த வேலை செஞ்சாலும் தண்ணி அதுக்கு மேலேயேதான் நிக்கும். அதே மாதிரி வெட்டின மண்ணை மோந்து பாருங்க, அழுகின முட்டை வாசம் அடிச்சு கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சா அங்க வேருக்குக் காத்தே போகலன்னு அர்த்தம்.

வெளியில இருந்து வர்ற தண்ணிக்கு வருவோம், இதுதான் குறைஞ்ச செலவுல நிறைய பலன் தர்ற வேலை. மேட்டுப் பக்கத்துல இருந்து வர்ற தண்ணியை ஃபேர்வேக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே மடக்கித் திருப்பணும். அதுக்கு ஆழமான கால்வாய் வேண்டாம், அகலமான ஆழம் கம்மியான புல் வாய்க்கால் போதும், ஸ்வேல்னு சொல்றது இதைத்தான். 12 அடி, 15 அடி அகலம், நடுவுல ஒரு அடி ஆழம், ரெண்டு பக்கமும் மெதுவா சரியணும், புல் வெட்டுற மெஷின் தடையில்லாம ஏறி இறங்கணும், ஆடுறவங்களுக்கு அது வாய்க்கால்னே தெரியக்கூடாது. நீளவாக்குல 100 அடிக்கு 1 அடியாவது வாட்டம் வேணும், 2 அடி கிடைச்சா நல்லது. ஃபேர்வே தளத்துக்கும் இதேதான், களிமண்ல 100 அடிக்கு 2 அடி சரிவு இல்லன்னா தண்ணி யோசிச்சுக்கிட்டே நிக்கும், 3 அடி இருந்தா நிம்மதி. வாட்டம் பாக்க ஆட்டோ லெவல் இருந்தா நல்லது, இல்லன்னா கொத்தனார் வச்சிருக்குற டியூப் லெவலே போதும், ரெண்டு முனையிலயும் தண்ணி மட்டம் பாத்து குச்சியில குறிச்சு நூல் கட்டி இறங்குங்க. கண்ணால பாத்து ஜேசிபிகாரர்கிட்ட "இப்படியே போங்கண்ணே"ன்னு சொல்லிடாதீங்க, கண்ணு மேட்டைப் பள்ளம்னு காட்டும், பின்னாடி மரமும் மலையும் இருந்தா இன்னும் மோசம். வெட்டி முடிச்ச அன்னைக்கே புல் பத்தை பதிச்சு மூங்கில் குச்சி அடிச்சு வைங்க, மொட்டையா விட்டா முதல் மழையிலயே வாய்க்கால் அரிச்சு அந்த வண்டல் எல்லாம் போய் குளத்துல சேரும்.

கிளப் கட்டடத்தோட கூரைத் தண்ணி, பார்க்கிங் தண்ணி, ரோட்டுத் தண்ணி இதையும் கணக்குல சேருங்க. இதெல்லாம் பெஞ்ச மழையை அப்படியே முழுசா துப்புற இடங்க.

சுத்தி மேடு, நடுவுல பள்ளம், தண்ணிக்குப் போக்கே இல்லன்னா அங்கதான் கேட்ச் பேசின் வேணும், நம்ம ஊர்ல சேம்பர்னு சொல்லுவோம். பள்ளத்தோட ஆக அடி மட்டத்துல 2 அடிக்கு 2 அடி செங்கல் சேம்பர், மேல கம்பி மூடி, பைப் வெளிய போற வாய்க்குக் கீழ ஒரு அடி காலியா விடணும், வண்டல் அதுல தங்கும், வருஷத்துக்கு ரெண்டு தடவை அள்ளிக் கொட்டலாம். இங்கிருந்து போற பைப் ஓட்டை இல்லாத பைப்பா இருக்கணும், இது தண்ணியைக் கொண்டுபோற பைப், உறிஞ்சுற பைப் இல்ல. சைஸ்ல கஞ்சத்தனம் வேண்டாம், 4 இன்ச்சை 6 இன்ச் ஆக்கினா அதே வாட்டத்துல கிட்டத்தட்ட 3 மடங்கு தண்ணி போகும், 8 ஆக்கினா 6 மடங்குக்கு மேல, பள்ளம் தோண்டுற கூலி ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் ஒரு சின்ன விஷயம், வருஷாவருஷம் புல்லு வளர்ந்து வண்டல் படிஞ்சு மூடியைச் சுத்தி ஒரு வளையம் மாதிரி மேடாயிடும், சேம்பர் நல்லா இருக்கும், பைப் நல்லா இருக்கும், ஆனா மூடியைச் சுத்தி அரை இன்ச் உசந்த மண்ணைத் தாண்ட முடியாம தண்ணி வெளியவே நிக்கும். செப்டம்பர்ல ஒரு நாள் ஒதுக்கி எல்லா மூடியையும் சுத்தி புல்லைச் சீவி மண்ணைத் தாழ்த்துங்க. ரெண்டு ஆளு, ஒரு நாள், அவ்வளவுதான் செலவு.

இப்போ ஓட்டை பைப் கதை, அதாவது மண்ணுல இருக்குற தண்ணியை உறிஞ்சுறதுக்காக ஓட்டை போட்ட பைப். எங்க 9-வது ஹோல் ஃபேர்வேல ஒரு காண்ட்ராக்டர் மீன் முள்ளு மாதிரி, அதான் ஹெர்ரிங்போன்னு சொல்லுவாங்களே, நடுவுல மெயின் லைன், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை லைன், அந்த மாதிரி 300 மீட்டர் பைப் போட்டுக் குடுத்தார். வரைபடம் அருமை, வாட்டம் சரி, ஜல்லி சரி. அந்த வருஷம் முதல் மழையில ஃபேர்வே பழையபடியே குளம் ஆச்சு. வெளியேறுற வாயில போய் பாத்தா சொட்டுத் தண்ணி வரல. மூணாவது நாள் பொறுமை இல்லாம நானே மண்வெட்டி எடுத்து லைனுக்கு நேர் மேல வெட்டினேன். மேல புல்லு, அதுக்குக் கீழ 5 இன்ச்சுக்கு பிசைஞ்ச மாவு மாதிரி களிமண்ணு, அதுக்குக் கீழ ஜல்லி. ஜல்லியை கையில எடுத்தேன், காஞ்சு கிடந்துச்சு, கிரஷர்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த வெள்ளைத் தூசிகூட அப்படியே இருந்துச்சு. மேல முட்டி நனையுற அளவுக்குத் தண்ணி, அரை அடி கீழ பவுடர் மாதிரி தூசி. பள்ளம் தோண்டி எடுத்த களிமண்ணையே மேல போட்டு மூடிட்டாங்க, செலவு மிச்சம்னு நினைச்சாங்க போல. ஒரு பானை தண்ணிக்கு மூடி போட்டு வச்ச மாதிரி ஆச்சு.

அதனால இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, தோண்டின களிமண்ணு பள்ளத்துக்குத் திரும்பப் போகக்கூடாது. டிராக்டர்ல ஏத்தி வேற எங்கேயாவது மேடு போடப் பயன்படுத்துங்க. பள்ளம் ஒன்றரை அடியில இருந்து 2 அடி ஆழம், 6 இன்ச்ல இருந்து 8 இன்ச் அகலம், வெளியேறுற வாயில இருந்து ஆரம்பிச்சு மேல் பக்கமா தோண்டிக்கிட்டே போங்க, அப்போ நடுவுல மழை வந்தாலும் தோண்டின பள்ளமே தண்ணியை வடிச்சிடும். வாட்டம் 100 அடிக்கு 1 அடி, ரொம்ப முடியலன்னா அரை அடி, அதுக்குக் கீழ போனா வண்டல் பைப்லேயே படுத்துடும். அடியில 2 இன்ச் கழுவின ஜல்லி, அதுக்கு மேல பைப், பைப்ல ஓட்டை கீழ் பக்கம் பாத்து இருக்கணும், நிறைய பேர் மேல பாத்து வச்சிடுறாங்க, தண்ணி பள்ளத்துல கீழ இருந்து ஏறித்தான் பைப்புக்குள்ள நுழையும், மேல ஓட்டை வச்சா பள்ளம் நிறைஞ்ச பிறகுதான் பைப் வேலையே செய்யும், மேல இருந்து மண்ணும் நேரா உள்ள விழும். அப்புறம் தரைக்கு 4 இன்ச் கீழ வரைக்கும் ஜல்லி, அதுக்கு மேல தரை மட்டம் வரைக்கும் பெருமணல். அதுல நேரா புல்லு நடுங்க, களிமண்ணோட வெட்டின புல் பத்தையை மேல வச்சா மறுபடி மூடி போட்ட கதைதான், பத்தையை வேர் தெரியுற வரைக்கும் கழுவிட்டு வைங்க, இல்ல அருகம்புல் கொடியை வெட்டித் தூவுங்க. கோல்ஃப்காரங்க பெர்முடான்னு பேர் வச்சு கூப்பிடுறது நம்ம அருகம்புல் குடும்பம்தானே, தானா ஓடிப் பரவிடும்.

மணல் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. ஆத்து மணல் கிடைக்கலன்னு எம்-சாண்ட் போடுறாங்க. கட்டடத்துக்கு அது சரி, வடிகாலுக்கு அப்படியே சரியில்ல. உடைச்ச கல்லு மணல்ல 150 மைக்ரானுக்குக் கீழ இருக்குற தூள் 20 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு ஐஎஸ் 383-ங்கிற இந்தியத் தர விதி அனுமதிக்குது. க்ரீன், அதாவது குழி இருக்குற குட்டைப் புல் தளம், அதைக் கட்டுற மணலுக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ சொல்றது அந்த மாதிரி பொடி, வண்டல், களி எல்லாம் சேத்தே 10 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு. அந்தத் தூள் நனைஞ்சு இறுகினா சிமெண்ட் பூச்சு மாதிரி ஆயிடும். எம்-சாண்ட்தான் கிடைக்குதுன்னா கழுவி, தூளைச் சலிச்சு எடுத்துட்டுப் போடுங்க. சோதனை சுலபம், கண்ணாடி பாட்டில்ல பாதி மணல், மீதி தண்ணி, குலுக்கி வைங்க, ஒரு மணி நேரத்துல மணல் மேல பால் மாதிரி ஒரு அடுக்கு படிஞ்சா அந்த லோடைத் திருப்பி அனுப்புங்க.

மண்ணு உள்ள போகாம இருக்க பைப்பைச் சுத்தி வடிகட்டித் துணி சுத்துறது பத்தியும் கேப்பாங்க. களிமண்ல அந்தத் துணி சீக்கிரம் அடைச்சுக்கும், நான் போடுறதில்ல. அதுக்குப் பதிலா ஒவ்வொரு லைனோட மேல் முனையையும் தரை வரைக்கும் கொண்டுவந்து மூடி போட்டு வைங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை அங்க ஹோஸ் விட்டு அடிச்சா உள்ள இருக்குற வண்டல் வந்துடும். கிளை லைனுக்கு நடுவுல இடைவெளி களிமண்ல 10 அடியில இருந்து 15 அடி. அதுவும் போதலன்னா லைனுக்குக் குறுக்கா 2 இன்ச் அகலம் ஒரு அடி ஆழத்துக்குக் கோடு கோடா கீறி மணல் நிரப்புற முறை இருக்கு, மேல நிக்குற தண்ணி அந்த மணல் கோட்டுல இறங்கி ஜல்லியைத் தொட்டு பைப்புக்குப் போயிடும். தோண்டுறதுக்கு முன்னாடி தண்ணி பாய்ச்சுற பைப், கன்ட்ரோல் கேபிள் எங்க ஓடுதுன்னு சுண்ணாம்புல கோடு போட்டுடுங்க.

க்ரீன் தனி உலகம். 1960-ல யுஎஸ்ஜிஏ முதல்ல ஒரு முறை எழுதி வெளியிட்டாங்க, அப்புறம் பல தடவை திருத்தினாங்க, அடிப்படை அதேதான்: மேல 12 இன்ச் மணல் கலவை, கீழ 4 இன்ச் ஜல்லி, அதுக்குக் கீழ பள்ளத்துல 4 இன்ச் பைப், பைப்புக்கு பைப் 15 அடிக்கு மேல போகக்கூடாது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மணலுக்குக் கீழ ஜல்லி இருந்தா தண்ணி சடசடன்னு இறங்கிடும்னு தோணும், ஆனா நிஜத்துல மணல் நிறையுற வரைக்கும் தண்ணி ஜல்லிக்குள்ள போகாது, மணலோட அடியிலேயே தொங்கிக்கிட்டு இருக்கும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை தண்ணியில முக்கி படுக்க வச்சு பிடிங்க, சொட்டுறது நின்னதும் அதையே செங்குத்தா நிமித்துங்க, மறுபடி தண்ணி கொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம் கூடினதால வடிஞ்சுது. மணல் ஆழம் 12 இன்ச்னு சொன்னதுக்குக் காரணம் இதுதான், அதை 8 இன்ச்சா குறைச்சா மழைக்காலம் முழுக்க வேர் தண்ணியில ஊறும். பழைய க்ரீன்ல ஜல்லி போட்டா சரியாயிடும்னு நினைச்சு நடுவுல ஒரு அடுக்கு நுழைக்காதீங்க, மணல் சைஸும் ஜல்லி சைஸும் பொருந்தலன்னா முன்னைவிட மோசமாயிடும்.

பழைய க்ரீனை இடிக்காம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு, அதைச் செஞ்சு பாத்துட்டு பெரிய செலவை யோசிங்க. வருஷக்கணக்கா க்ரீன் மேல மணல் தூவுறோம், அந்த மணல் காலாலயும் மெஷினாலயும் ஓரத்துக்குப் போய் காலர்ல, அதாவது க்ரீனைச் சுத்தியிருக்குற புல் பட்டையில, சேந்து சேந்து ஒரு வரப்பு மாதிரி ஆயிடும். க்ரீன்ல இருந்து வெளிய வழிய வேண்டிய தண்ணி அந்த வரப்புல முட்டி நிக்கும். எங்க 4-வது க்ரீன்ல நூல் கட்டிப் பாத்தப்போ காலர் ஒன்றரை இன்ச் உசந்திருந்துச்சு. புல்லை பத்தையா உரிச்சு எடுத்து, கீழ இருக்குற மண்ணைச் சீவி, க்ரீன்ல இருந்து வெளிப்பக்கம் சரியுற மாதிரி மட்டம் பண்ணி, அதே புல்லைத் திரும்ப வச்சோம். நாலு பேர் மூணு நாள் வேலை. அந்த க்ரீனோட கீழ் ஓரத்துல வருஷாவருஷம் புல்லு அழுகும், அதுக்கப்புறம் அழுகல. அமெரிக்காவுல அகஸ்டா கோல்ஃப் மைதானம் மாதிரி இடத்துல க்ரீனுக்கு அடியில இருந்து காத்தால உறிஞ்சுற சப்ஏர் சிஸ்டம் வச்சிருக்காங்க, அங்க வேலை பாத்த சூப்பரின்டெண்டென்ட் மார்ஷ் பென்சன் கண்டுபிடிச்சது, நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஓரத்து வரப்பைச் சீவுங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஹாலோ டைன், அதாவது குழாய் மாதிரி ஊசி, போட்டு மண் குச்சியை எடுத்து ஓட்டையில மணல் நிரப்புங்க.

பங்கர்ல, அதாவது மைதானத்துல இருக்குற மணல் பள்ளத்துல, மணல் அரிச்சுட்டுப் போகுதுன்னா பங்கருக்குள்ள பாக்காதீங்க, சுத்தி பாருங்க. வெளித் தண்ணி உள்ள வராம விளிம்பை லேசா உசத்தி ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டாலே பாதி பிரச்சனை தீரும். உள்ள ஒரு 4 இன்ச் பைப் கண்டிப்பா வேணும், அது வெளிய எங்க முடியுதுன்னும் தெரிஞ்சிருக்கணும்.

ஃபேர்வேல இறுக்கம் இன்னொரு எதிரி. கார்ட் தினமும் ஒரே வழியில போனா மண்ணு ரோடு மாதிரி ஆயிடும், கயிறு கட்டி வழியை மாத்தி மாத்தி விடுங்க. மழை சீசனுக்கு முன்னாடி, மண்ணு ஈரமும் இல்லாம காய்ஞ்சும் போகாம இருக்கும்போது, வெர்டி-ட்ரெய்ன் மாதிரி ஒரு அடி ஆழம் குத்துற மெஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்க, நஞ்சை நிலத்து இறுகின அடுக்கை உடைக்க எனக்குத் தெரிஞ்சு இதுதான் வழி. ஈரமா இருக்கும்போது ஓட்டினா இன்னும் இறுகும்.

கடைசியா எல்லாத் தண்ணியும் எங்க போய்ச் சேருது? இங்கதான் நம்ம ஊர்ல நிறைய மைதானம் தோத்துப் போகுது. உள்ள எல்லாம் சரியா இருக்கும், வெளியேறுற பைப் வாய் கால்வாய் தண்ணிக்குள்ள முங்கியிருக்கும், கால்வாய் நிறைஞ்சதும் தண்ணி எதுத்து உள்ள வரும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் கொட்டின மழைக்கு எந்த வடிகாலும் நிக்காது, அது வேற. ஆனா சாதாரண மழைக்கே எதுத்து வந்துச்சுன்னா வாயில ஒருவழி மூடி மாட்டணும், உள்ள ஒரு சம்பும் சப்மெர்சிபிள் பம்பும் தயாரா இருக்கணும், டீசல் பம்ப் ஒண்ணும் கூட வைங்க, அந்த மழையில கரண்ட் இருக்காது.

குளத்தை நம்புங்க. நம்ம முன்னோர் ஏரிக்கு வரத்துக்கால், மதகு, கலங்கல்னு மூணையும் வச்சு கட்டினாங்க, மைதானத்துக் குளத்துக்கும் அதே மூணு வேணும். எங்க வழியா வரும், எப்படித் திறந்து குறைப்போம், நிறைஞ்சா எந்தப் பக்கம் பத்திரமா வழியும். செப்டம்பர் கடைசியில குளத்துத் தண்ணியைப் பாய்ச்சலுக்கு எடுத்து எடுத்து 3 அடி இறக்கி வைங்க, அந்தக் காலி இடம்தான் முதல் பெரிய மழையைத் தாங்கும். ஒரு ஏக்கர் குளத்துல 3 அடி காலியா இருந்தா 36 லட்சம் லிட்டருக்கு மேல பிடிக்கும். ஃப்ளோரிடாவுல சாக்ராஸ் கோல்ஃப் மைதானம் 1980-ல திறந்தது, முழுக்க சதுப்பு நிலம், அதை வடிவமைச்ச பீட் டை அங்க பள்ளம் தோண்டி ஏரியாக்கி, எடுத்த மண்ணுல ஃபேர்வேயை உசத்தினார், இப்போ உலகமே பாக்குற அந்த 17-வது தீவு க்ரீன்கூட சுத்தி மணலைத் தோண்டித் தோண்டி எடுத்ததாலதான் தீவா ஆச்சு. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்துல 2024-ல வெள்ளத்தைப் பிடிக்கக் குளம் வெட்டினதையும் நாம பாத்தோம். பெரிய பச்சை நிலம் வச்சிருக்குறவங்க மழைத்தண்ணியைப் பிடிச்சு வைக்கணும், பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிவிடக் கூடாது. எங்க மைதானத்துக்குப் பின்னாடி ஒரு குடியிருப்பு இருக்கு, முன்னாடி எங்க தண்ணி மதில் ஓட்டை வழியா அவங்க சந்துக்குத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, அங்க ஒரு அம்மா முட்டளவு தண்ணியில கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு நின்னதை நான் பாத்தேன், அந்த ஓட்டையை அடைச்சு தண்ணியைக் குளத்துக்குத் திருப்பினதுதான் இந்த 14 வருஷத்துல நான் செஞ்ச வேலையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. குளத்தைச் சுத்தி 15 அடிக்குப் புல்லை உயரமா விடுங்க, அங்க உரமும் மருந்தும் போடாதீங்க, இல்லன்னா ஆகாயத்தாமரை வந்து மதகையே அடைச்சிடும்.

மழை விட்ட மறுநாள் அவசரப்பட்டு மெஷினை இறக்காதீங்க, ஒரு டயர் தடம் ஆறு மாசம் நிக்கும். வெயில் அடிச்சா தேங்குன தண்ணி சூடாகி புல்லை வேக வச்சிடும், அதனால க்ரீன்ல நிக்குறதை முதல்ல ரப்பர் தள்ளுகட்டையால தள்ளி விடுங்க, ஃபேர்வே அப்புறம்.

இன்னும் ஒண்ணு. பைப் போட்டு மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வளைவையும், சேரும் இடத்தையும், முனையையும் பக்கத்து ரெண்டு ஸ்ப்ரிங்க்ளர் தலையில இருந்து டேப் பிடிச்சு அளந்து நோட்டுல எழுதி வைங்க, ஆழத்தோட, பள்ளம் திறந்திருக்குற போட்டோவோட. எங்க மைதானத்துல பழைய லைன் ஒண்ணு எங்க போகுதுன்னு தெரியாம 11-வது ஹோல்ல ஏழு இடத்துல தோண்டினோம், எட்டாவது குழியில, புளியமரத்து வேருக்குள்ள நசுங்கிக் கிடந்துச்சு.